இலவச வாசலுக்கு 12 வெள்ளி: கொரிய மலைப் பயணத்தில் ஏமாந்த கதை

2025-இல் சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. மே மாதம் மாமனார் தவறிவிட்டார். தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை, சனி ஞாயிறோடு சேர்ந்து நீண்ட வார இறுதி. சிராங்கூன் ரோட்டில் விளக்கலங்காரம் ஜொலிக்கும்போது அத்தையை, அதாவது மாமியாரை, வீட்டுக்குள் உட்கார வைக்க மனசு வரவில்லை. எங்காவது கூட்டிக்கொண்டு போவோம் என்றார் கணவர். எனக்கோ இலையுதிர் காலத்தில் ஒரு மலை ஏற வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நம்மிடம் இருப்பது 164 மீட்டர் புக்கிட் தீமா குன்று, அதிலும் பாதி தூரம் தார் ரோடு. கொரியாவின் சொராக்சான் மலையில் மேப்பிள் இலை சிவக்கும் நேரம் அதுதான். அப்படித்தான் மாட்டினோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்களுக்குப் பயணம் விற்றவர் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிப்போன ஆள் இல்லை. கூட்டிக்கொண்டு போய்த்தான் ஏமாற்றினார். அதனால்தான் திரும்பி வந்து ஒரு வாரம்வரை ஏமாந்தோம் என்று சொல்லவே எங்களுக்கு வாய் வரவில்லை.

தெரிந்தவர் மூலம் வந்தவர். நம் ஆள், தமிழில் பேசுகிறார், என்னை அக்கா என்கிறார், அத்தையை அம்மா என்கிறார். விமான டிக்கெட் எங்கள் செலவு, அங்கே நான்கு நாள் தங்கல், பஸ், சாப்பாடு, மலை, கோயில் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 590 சிங்கப்பூர் வெள்ளி. போஸ்டரின் அடியில் பயண முகவர் உரிம எண்கூட இருந்தது. போன் வழியாகப் பணம் அனுப்பும் பேநவ்வில் பணம் போடும்போது கம்பெனி பெயருக்குப் பதிலாக ஒரு தனிநபர் பெயர் வந்தது. கேட்டேன். “கம்பெனி அக்கவுண்ட்ல ஏதோ அப்டேட் ஓடுதுக்கா, இது என் வைஃப் பேரு” என்றார். சரி என்று 1,770 வெள்ளியை அனுப்பிவிட்டேன். ஆபீசில் சப்ளையர் பில்லில் பத்து காசு வித்தியாசம் வந்தாலும் திருப்பி அனுப்புகிறவள் நான்!

ரசீது கேட்டதற்கு வாட்ஸாப்பில் ஒரு கணக்கு வந்தது. ஆளுக்கு கே-இடிஏ 25 வெள்ளி, தேசியப் பூங்கா நுழைவு 12 வெள்ளி, கேபிள் கார் முன்பதிவு 38 வெள்ளி, கோயில் உணவு 45 வெள்ளி, மீதி தங்கலும் பஸ்ஸும். பார்க்க எவ்வளவு நேர்மையாக இருக்கிறது! வரிவரியாகப் பிரித்துக் கொடுத்தாலே நம்பிவிடுகிறோம்.

இப்போது அந்த வரிகளைப் பார்ப்போம். கே-இடிஏ என்பது விசா இல்லாமல் கொரியா போகிறவர்கள் ஆன்லைனில் வாங்கும் முன் அனுமதி. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 2023 ஏப்ரலிலிருந்தே அதில் தற்காலிக விலக்கு இருக்கிறது. அவர் எதுவும் விண்ணப்பிக்கவே இல்லை. தேசியப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணத்தைக் கொரியா 2007-லேயே எடுத்துவிட்டது. வாசலில் கோயில்கள் வாங்கிக்கொண்டிருந்த கட்டணமும் 2023 மே மாதம் நின்றுபோனது. கேபிள் காருக்கு முன்பதிவே கிடையாது, அன்றன்றைக்கு அங்கேயே வரிசையில் நின்றுதான் டிக்கெட் வாங்க வேண்டும், காற்று பலமாக அடித்தால் அதுவும் ஓடாது. ஆக, மூவருக்கும் சேர்த்து 225 வெள்ளி, இல்லாத சாமான்களுக்குக் கொடுத்திருக்கிறோம். பத்து நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். நான் அந்தப் பத்து நிமிடத்தில் மலையேறும் ஷூவுக்குத் தள்ளுபடி தேடிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது அங்கே வந்த கைடு பெண்தான். கொரியக்காரப் பெண், பாவம், அவளுக்கும் நாள் கூலிதான் பேசியிருக்கிறார்கள். “நுழைவுச் சீட்டு எங்கே?” என்று நான் கேட்டபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமைதான் மலை நாள். தலைநகர் சோலிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. பஸ் வந்ததே ஏழுக்கு. ஏறி அரை மணி நேரத்தில் ஒரு ஜின்செங் மூலிகைக் கடை வாசலில் நின்றது. உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டு, கண்ணாடிக் குடுவையில் ஊறிய வேரைக் காட்டி, ரத்த அழுத்தம், மூட்டுவலி என்று ஆரம்பித்தார்கள். யாராவது வாங்கும்வரை டிரைவர் கண்ணிலேயே படவில்லை. ஒரு ஆன்ட்டி கடைசியில் ஒரு பெட்டி வாங்கினார், எங்களை விடுவிக்கத்தான் வாங்கினார் என்று நினைக்கிறேன். அங்கேயே மணி ஒன்பதரை. அப்புறம் இலை பார்க்கப் போகிற சோல்காரர்கள் மொத்தமும் நெடுஞ்சாலையில். பூங்கா போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு.

நானும் கணவரும் ஏற நினைத்தது உல்சான் பாறை. 873 மீட்டர், கடைசியில் பாறையோடு ஒட்டிய இரும்புப் படிக்கட்டு, ஏறி இறங்க நான்கு மணி நேரம் வேண்டும். அதற்காக ஒரு மாதம் எங்கள் புளோக்கின் 16 மாடியை லிஃப்ட் இல்லாமல் ஏறியிருக்கிறோம். அங்கே ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், இவ்வளவு நேரமான பிறகு கிளம்பக் கூடாது என்று கைடு திருப்பிவிட்டாள். அந்தப் பாறைக்கு ஒரு கதை உண்டாம். உல்சான் ஊரிலிருந்து கும்காங் மலையின் சிகரமாகச் சேரக் கிளம்பிய பாறை, தாமதமாகிவிட்டதால் வழியிலேயே இங்கே உட்கார்ந்துவிட்டதாம். அதுவும் ஜின்செங் கடைக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கும் என்றார் கணவர்.

கேபிள் காரில் அன்றைய டிக்கெட் தீர்ந்துவிட்டது.

கோயில் உணவுக் கதைதான் எனக்கு ஆறவில்லை. அத்தை சைவம், மாமனார் போன பிறகு வெங்காயம் பூண்டும் விட்டுவிட்டார். கொரியப் புத்த மடச் சமையலில் மீன், இறைச்சி மட்டுமல்ல, பூண்டு வெங்காய வகையும் சேர்ப்பதில்லை என்று படித்துச் சொன்னதும் “நம்ம ஆளுங்கதான் போல” என்று அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த ஒரு சாப்பாட்டுக்காகத்தான் வரவே சம்மதித்தார். கூட்டிப்போன இடமோ ஜின்செங் கோழி சூப் கடை. சைவம் என்று சொன்னதற்கு கிம்ச்சி என்ற காய்கறி ஊறுகாயை நகர்த்தி வைத்தார்கள், அதில் உப்பிட்ட இறால். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, சூடான சோற்றில் பருப்புப் பொடியைத் தூவி, எண்ணெய் இல்லாமல் பிசைந்து சாப்பிட்டார். பரிமாறிய அம்மா எட்டிப் பார்த்து, விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, உள்ளே போய்க் கொஞ்சம் எள்ளெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். அந்த நான்கு நாளில் எங்களுக்குக் கிடைத்த உண்மையான உள்ளூர்ச் சாப்பாடு அதுதான்.

மறுநாள் சொக்சோ என்ற ஊரில் அபாய் கிராமம், கொரியப் போரில் வடக்கிலிருந்து வந்தவர்கள் குடியேறிய இடம். கம்பியைப் பிடித்துக் கையால் இழுத்துப் போகிற தட்டைப் படகில் கணவரும் சேர்ந்து இழுத்தார். இருபது நிமிடம். அடுத்தது அழகுசாதனக் கடை.

திரும்பி வந்து அந்த உரிம எண்ணைச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் இணையப் பட்டியலில் போட்டுப் பார்த்தேன். வேறொரு நிறுவனத்தின் எண். உரிமம் இல்லாமல் இப்படிப் பயணம் விற்பது இங்கே குற்றம். அதனால் கழகத்துக்குப் புகார் எழுதினேன். அப்புறம் ஸ்மால் கிளெய்ம்ஸ், சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம். 20,000 வெள்ளிவரை கேட்கலாம், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கிடையாது, 5,000 வெள்ளிக்குள் என்றால் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான். வாட்ஸாப் கணக்கு, பேநவ் ரசீது, பூங்கா வாசலில் எடுத்த படம் எல்லாவற்றையும் வைத்தேன். முதல் சந்திப்பிலேயே 600 வெள்ளி தர ஒத்துக்கொண்டார், மூன்று தவணையாம். இரண்டு வந்திருக்கிறது. அவருடைய போன் எண்ணை எங்கேயும் போட மாட்டேன், கேட்காதீர்கள். போஸ்டரில் உரிம எண் பார்த்தால் யாருடையது என்று பட்டியலில் பாருங்கள், “எல்லாம் சேர்த்து” என்றால் சேர்த்தது எவை என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள், பணம் கம்பெனி பெயருக்குப் போகவில்லை என்றால் அனுப்பாதீர்கள்.

போன வாரம் வசந்த காலப் பயணத்துக்கு அவருடைய புதுப் போஸ்டர் குடும்ப குரூப்பில் வந்தது. கேபிள் கார் முன்பதிவு அதிலும் இருக்கிறது. ஓரத்தில் ‘மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்’ என்று போட்டு ஒரு படம்: சின்ஹுங்சா கோயிலின் பெரிய வெண்கலப் புத்தருக்கு முன்னால் சிவப்பு சால்வையில் கும்பிட்டு நிற்பவர் எங்கள் அத்தை. எனக்கு ரத்தம் கொதித்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“படத்துல நல்லாத்தான் விழுந்திருக்கேன்” என்றார்.