ஸ்டென்ட் போதுமா, பைபாஸ்தான் வேண்டுமா?

ஆஞ்சியோகிராம் அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பிளாக்?" என்றுதான். ஆனால் முடிவைப் புரட்டிப்போடுவது வேறு மூன்று: அடைப்பு எந்த இடத்தில், சர்க்கரை உண்டா, இதயத்தின் பம்பிங் எப்படி.

ஸ்டென்டும் பைபாஸும் செய்கிற வேலையே வேறு. ஸ்டென்ட் ஒரு சின்ன உலோக வலைக்குழாய். மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ உள்ளே போய், அடைபட்ட இடத்தை மட்டும் விரித்துப் பிடிக்கும். பைபாஸில் அடைப்பைத் தொடுவதே இல்லை. மார்பின் உட்சுவரில் ஓடும் தமனியையோ காலிலிருந்து எடுத்த சிரையையோ அடைப்பைத் தாண்டித் தைத்துவிடுகிறார்கள். தையலுக்கு மேலே நாளை புதிதாக ஒன்று அடைத்தாலும் ரத்தம் மாற்றுப் பாதையில் போகும். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி அடைத்தால், மறுபடியும் ஆஞ்சியோ மேஜைதான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இதனால்தான் கணக்கு மாறுகிறது. அவர்களுக்கு ரத்தக் குழாய் நெடுகக் கொழுப்பு பரவலாகப் படியும். சர்க்கரையோடு பல குழாய்களில் அடைப்பும் இருந்த 1,900 பேரை வைத்து நடந்த ஃப்ரீடம் ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது. மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்த்து 5 ஆண்டில் ஸ்டென்ட் பக்கம் 26.6 சதவீதம், பைபாஸ் பக்கம் 18.7. ஆனால் பக்கவாதத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் தலைகீழ்: ஸ்டென்டுக்கு 2.4, பைபாஸுக்கு 5.2. பைபாஸை விற்கிற பேச்சில் இந்தக் கடைசி எண் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

இடப்பக்கம் முழுவதற்கும் ரத்தம் தருகிற லெஃப்ட் மெயின் பாதி அளவு சுருங்கிவிட்டாலே பைபாஸ் பேச்சு வரும். அதோடு மற்ற குழாய்களும் சிக்கலாக இருந்தால் பைபாஸ்தான். சிக்கலை அளக்க சின்டாக்ஸ் மதிப்பெண் இருக்கிறது: 22 வரை எளிது, அங்கே ஸ்டென்டும் ஈடுகொடுக்கும், 33-க்கு மேல் பைபாஸ் தெளிவாக முந்தும்.

பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால்? ஸ்டிச் ஆய்வில் மருந்தோடு பைபாஸும் செய்துகொண்டவர்களுக்கு 5 ஆண்டில் உறுதியாகத் தெரியாத பலன், 10 ஆண்டில் தெரிந்தது. அதாவது இது நீண்டகால முதலீடு. மிகவும் தளர்ந்துபோன முதியவருக்கு இதைப் பரிந்துரைக்க நான் தயங்குவேன்.

சரி, ஸ்டென்ட் எங்கே ஜெயிக்கிறது? மாரடைப்பு வந்து நிமிடங்களை எண்ணும்போது, ஒன்றிரண்டு எளிய அடைப்புகளில், நுரையீரலோ சிறுநீரகமோ பெரிய அறுவையைத் தாங்காதபோது. ஸ்டென்ட் வைத்தவர் ஓரிரு நாளில் வீடு திரும்புவார். பைபாஸ் ஆனவர் இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்வார்; கம்பி போட்டுக் கட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும்.

மூன்றாவது போட்டியாளரைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மருந்து. இதயக் குழாய் நோய் நிலையாக இருந்த 5,179 பேரிடம் நடந்த இஸ்கீமியா ஆய்வில், உடனே ஸ்டென்டோ பைபாஸோ செய்ததால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை, வலி குறைந்தது. லெஃப்ட் மெயின் அடைப்பும் பம்பிங் மிகக் குறைவும் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை.

பைபாஸ் என்று முடிவானால், முன்பக்கக் குழாயான எல்.ஏ.டி.க்கு எதை இணைக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். மார்புத் தமனி 10 ஆண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்திருக்கும். காலின் சிரைகளில் ஏறக்குறைய பாதி அதற்குள் அடைத்துவிடும்.