லோயாட்டில் லேப்டாப் ரிப்பேர்: ‘டிரைவ் காணோம்’ என்று போனால் என்ன நடக்கும்?

லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட் பாதியில் நின்றுவிட்டது, மறுபடி ஆன் செய்தால் விண்டோஸும் டேட்டாவும் இருக்கும் டிரைவையே காணோம். இப்படி ஒரு லேப்டாப்போடு கோலாலம்பூரில் பலரும் முதலில் போகிற இடம் புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோயாட் பிளாசா. இம்பி மோனோரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ரிப்பேருக்கு மேல்மாடிகளுக்கு ஏற வேண்டும். அங்கே கை வேகம் உண்டு, விலையும் பேசலாம். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் யோசிக்கிற கவுண்டரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

“எஸ்எஸ்டி சுடா ரோசாக் (டிரைவ் கெட்டுப்போச்சு), புதுசு போடணும்” என்று இரண்டே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் லேப்டாப்பை விடாதீர்கள். அப்டேட்டுக்குப் பிறகு டிரைவ் காணாமல் போனால், டிரைவ் நன்றாகவே இருந்து அமைப்பு மட்டும் மாறியிருக்கும் சமயங்கள் நிறைய. இண்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் விஎம்டி என்றொரு கண்ட்ரோலர் எஸ்எஸ்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் போடும்போது யாரோ அதை அணைத்துவிட்டுப் போட்டிருப்பார்கள். அப்டேட் ஆனதும் பயாஸ் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும், விஎம்டி மறுபடி ஆன் ஆகிவிடும். விளைவு, நீலத் திரையில் ‘இனாக்சசிபிள் பூட் டிவைஸ்’. விண்டோஸ் யுஎஸ்பியைச் செருகினாலும் விஎம்டிக்கான டிரைவர் மென்பொருள் அதில் இல்லாவிட்டால் டிரைவ் பட்டியல் காலியாக வரும். பார்க்கிறவர் டிரைவ் செத்துவிட்டது என்று நினைக்க இது போதும்.

கவுண்டரைச் சோதிக்க ஏசர் லேப்டாப் நல்ல உரைகல். விஎம்டியை மறுபடி அணைப்பதுதான் வைத்தியம், ஆனால் பல ஏசர் மாடல்களில் அந்த வரி பயாஸில் கண்ணுக்கே தெரியாது. எஃப்2 அழுத்தி உள்ளே போய், மெயின் பக்கத்தில் கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் தலைகாட்டும். கேட்காமலே இதை அழுத்திப் பார்க்கிற பையன் இருந்தால் தைரியமாகக் கொடுக்கலாம். ஒன்று மட்டும்: இரண்டு டிரைவ்களை ரெய்டாக, அதாவது ஒரே டிரைவ் போல, சேர்த்து வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே விஎம்டியை அணைத்தால் பிரச்சினை பெரிதாகும்.

பயாஸிலேயே எஸ்எஸ்டியின் பெயர் வரவில்லையா? அப்போதுதான் அடிமூடியைக் கழற்ற வேண்டும். பேட்டரி கனெக்டரை எடுத்து, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்தி, எஸ்எஸ்டி இருக்கும் எம்.2 அட்டையைக் கழற்றி மறுபடி சாய்வாகச் செருகி, அழுத்தித் திருகுவது முதல் வேலை. அதற்கும் மசியாவிட்டால் யுஎஸ்பி எங்க்ளோஷரில், அதாவது டிரைவை வெளியிலிருந்து இணைக்கும் பெட்டியில், போட்டுப் பார்ப்பது அடுத்தது. எஸ்எஸ்டி இணைப்பில் இரண்டு வகை உண்டு: என்விஎம்இக்கு ஒரு வகைப் பெட்டி, சாட்டாவுக்கு வேறு வகை. ரியல்டெக் ஆர்டிஎல்9210பி சிப் உள்ளது இரண்டையும் படிக்கும். தவறான எங்க்ளோஷரில் போட்டுவிட்டு “வரல” என்றால் அது சோதனையே இல்லை. கொள்ளளவு பூஜ்யம் என்றோ, பெயர் ‘சாட்டாஃபர்ம் எஸ்11’ என்றோ வந்தால் பழுது எஸ்எஸ்டியை இயக்கும் அதன் சொந்த மென்பொருளான ஃபர்ம்வேரில். உள்ளே இருப்பது முக்கியமென்றால் அதோடு நிறுத்தி, டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் கொடுங்கள். ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றித் தருகிறேன் என்பவர் டிரைவை உயிர்ப்பித்துவிடலாம், டேட்டா போய்விடும்.

திரையே வராமல் விளக்கு மட்டும் மின்னினால் பயாஸ்தான் பாதியில் நிற்கிறது. இதற்குக் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு முயற்சி செய்யலாம். எச்பியில் சார்ஜரைச் செருகி, விண்டோஸ் விசையையும் பி விசையையும் பிடித்தபடி பவரை இரண்டு மூன்று விநாடி அழுத்தி, பவரை மட்டும் விட வேண்டும். டெல்லில் கண்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்துக்கொண்டு சார்ஜரைச் செருக வேண்டும். எல்லா மாடலுக்கும் பொருந்தாது. மீட்புக் கோப்பு டிரைவில் கிடைக்காவிட்டால், வேறொரு கணினியில் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் ஒன்று தயார் செய்ய வேண்டியிருக்கும்.

அதுவும் பலிக்காதபோதுதான் பயாஸ் இருக்கும் சிப்பில் நேரடியாக எழுதும் வேலை. லோயாட்டின் நல்ல கவுண்டர்கள் பெயர் வாங்குவது இங்கேதான். கையாளும் கருவி பெரும்பாலும் சிஎச்341ஏ, ஐம்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைப்பது. கருவியைவிட ஒழுங்கு முக்கியம். சிப்பில் ஏற்கெனவே இருப்பதை முதலில் இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டு, அந்த நகலை (டம்ப் ஃபைல்) பத்திரப்படுத்திய பிறகே எழுத வேண்டும். சில சிப்கள் 1.8 வோல்ட், அடாப்டர் இல்லாமல் 3.3 கொடுத்தால் சிப் கருகலாம். அவசரக்காரர்கள் இணையத்தில் கிடைத்த இன்னொரு லேப்டாப்பின் கோப்பை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மெஷின் எழுந்து நிற்கும், சந்தோஷமாக வாங்கி வருவீர்கள். சீரியல் எண்ணும் விண்டோஸ் கீயும் வேறொருவருடையது. “பழைய டம்ப் ஃபைலையும் பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள்” என்று கேளுங்கள். தயங்கினால் எடுத்து வைக்கவே இல்லை என்று அர்த்தம்.

இதில் டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வேறு. சிப்பில் எழுதினாலோ பயாஸ் மாறினாலோ விண்டோஸ் 48 இலக்க மீட்புக் கீயைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். கிளம்பும் முன் கைப்பேசியில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கீ இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. “ஃபார்மட் போட்டுடலாம்” என்பதுதான் பதிலாக வரும்.

வாரண்டி உள்ள மெஷினை லோயாட்டுக்கே கொண்டுபோகாதீர்கள், அதிகாரபூர்வ சேவை மையம்தான் சரி. டேட்டாவுக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள் என்பது தனிக்கதை. புது எஸ்எஸ்டி வாங்கியே ஆகவேண்டும் என்றால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் பொருள். புதியதன் லேபிளில் மலேசியாவில் தயாரித்தது என்று இருந்தால் வியக்க வேண்டாம், பினாங்கு பத்து காவானில் எஸ்எஸ்டி ஆலைகள் இருக்கின்றன.

ரசீதில் ‘ரிப்பேர்’ என்று ஒற்றைச் சொல் மட்டும் போடவிடாதீர்கள். என்ன பழுது, என்ன மாற்றப்பட்டது, எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதச் சொல்லுங்கள். தகராறு என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். அங்கே பேசப்போவது அந்த ரசீதுதான். போவதென்றால் வாரநாளில் போங்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் யாரும் உட்கார்ந்து ஒரு சிப்பை இரண்டு முறை படிக்க மாட்டார்கள்.