இயக்குநர் தேர்தல்: வாக்கின் எடை பெரிதா, எண்ணும் முறை பெரிதா?

விளைபொருள் உற்பத்தியாளர் சங்கம் ஒன்று தன் துணைவிதிகளைத் திருத்த முனையும்போது, விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் போய் நிற்கிறது: நாற்பது ஏக்கர் பயிரிடுபவருக்கும் இரண்டு ஏக்கர் பயிரிடுபவருக்கும் ஒரே வாக்கா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் இயக்குநர் குழுவில் யார் அமர்வார்கள் என்பதை அதைவிடக் கூடுதலாகத் தீர்மானிக்கும் விதிகள் வேறு மூன்று உண்டு. உறுப்பினர்களைத் தொகுதிகளாகப் பிரிக்கிறோமா, விழுந்த வாக்குகளை எப்படி எண்ணுகிறோம், எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடத்துகிறோமா என்பவையே அவை. இந்த மூன்றும் பொதுக்குழுவில் அரை மணி நேரம்கூடப் பேசப்படாமல் நிறைவேறிவிடுகின்றன.

முதலில், அதிகம் பேசப்படும் கேள்வியைப் பார்த்துவிடலாம். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் தொடங்கிய கூட்டுறவு மரபு, பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பதைத் தன் அடையாளமாகவே வைத்துக்கொண்டது. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையும் முதல்நிலைக் கூட்டுறவுகளுக்கு அதையே உறுதிப்படுத்தியது. இந்தியாவில் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கான சட்டம், தனிநபர்கள் மட்டுமே உறுப்பினர்களாக இருக்கும் இடத்தில் பங்கையோ வணிக அளவையோ பாராமல் ஒரு வாக்கு என்கிறது. உற்பத்தியாளர் அமைப்புகள் மட்டுமே உறுப்பினர்களாக இருந்தால், முந்தைய ஆண்டு வணிகத்தில் அவை பங்கேற்ற அளவைப் பார்க்கிறது. அமெரிக்காவின் 1922-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து விற்பதற்கு அனுமதி கொடுத்தபோது, ஆளுக்கு ஒரு வாக்கு என்றிருக்க வேண்டும் அல்லது பங்காதாயம் ஆண்டுக்கு 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னது. எதிர்முனையில், 2001-இல் உருவான நியூசிலாந்தின் பால் கூட்டுறவான ஃபொன்டெரா, கொடுக்கும் பாலின் திடப்பொருள் (கொழுப்பு, புரதம்) எடையை அடிப்படையாகக் கொண்டு வாக்கைக் கணக்கிடும் வழியில் சென்றது.

நிலம் அல்லது சரக்கின் அளவுக்கேற்பக் கூடும் எடை வைத்த வாக்குக்கு ஆதரவான வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சேமிப்புக் கிடங்குக்குக் கடன் வாங்கினால், அதன் சுமை விளைச்சல் அதிகமாகக் கொண்டுவருபவரின் மீதே அதிகமாக இறங்கும். அவர் கோபித்துக்கொண்டு தன் சரக்கை வெளியே விற்றுவிட்டால் கிடங்கு பாதி காலியாகக் கிடக்கும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 300 உறுப்பினர்களில் 20 பேர் தலா 40 ஏக்கரும், 280 பேர் தலா இரண்டரை ஏக்கரும் பயிரிட்டால், அந்த 20 பேரிடம் 800 ஏக்கரும் மீதிப் பேரிடம் 700 ஏக்கரும் இருக்கும். ஏக்கருக்கு ஒரு வாக்கு என்று வைத்தால், அந்தச் சங்கத்தை இருபது பேர் கூடி நடத்திவிடலாம். மற்ற 280 பேரும் சரக்கு கொடுக்கும் வாடிக்கையாளர்கள் மட்டுமே. எவருக்கும் ஐந்து வாக்குக்கு மேல் இல்லை என்று உச்சவரம்பு வைத்தால், இருபது பேரின் பலம் 100 வாக்காகச் சுருங்கிவிடும். உச்சவரம்பு இல்லாத எடை வாக்கை நான் எந்தச் சங்கத்துக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏக்கரா, டன்னா என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. டன்னைக் கணக்கில் கொண்டால், பயிர் பொய்த்துப்போனவரின் வாக்கு, குழுவைக் கேள்வி கேட்க அவருக்கு அதிகத் தேவை இருக்கும் அந்த ஆண்டிலேயே குறைந்துபோகும். மூன்று ஆண்டுச் சராசரி ஓரளவுக்கு இதைச் சரிசெய்யும். ஏக்கரைக் கணக்கில் கொண்டால், குத்தகை நிலத்தின் வாக்கு நில உரிமையாளருக்கா, உழுபவருக்கா என்ற வழக்கு உடனே முளைக்கும். ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் முறைக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. ஆண்டுக்கணக்காக ஒரு மூட்டைகூடக் கொண்டுவராதவர் தேர்தல் நாளன்று மட்டும் தலைகாட்டுவது எல்லாச் சங்கங்களுக்கும் தெரிந்த சங்கதிதான். சங்கத்துடன் தொடர்ந்து வணிகம் செய்யும் உறுப்பினர்களுக்கு மட்டும் வாக்குரிமை என்று அமைப்பு விதியில் எழுதிக்கொள்ள இந்தியச் சட்டம் இடம் தருகிறது. எடை வாக்கு கேட்பவர்களின் குறையில் பெரும்பகுதி அந்த ஒரு விதியிலேயே தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

இனி எண்ணும் முறைக்கு வருவோம். அதே 300 உறுப்பினர்கள், ஆளுக்கு ஒரு வாக்குரிமை, ஐந்து இயக்குநர் இடங்கள். பாசன வசதி உள்ளவர்கள் 160 பேர், மானாவாரி விவசாயிகள் 140 பேர் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் தொடங்கும் தேதி, விதை ரகம், முன்பணம் என்று பலவற்றிலும் இரு தரப்புக்கும் தேவை வேறு.

வழக்கமான முறையில், ஒவ்வொருவரும் ஐந்து பெயர்களைக் குறிக்கலாம். அதிக வாக்குப் பெற்ற ஐவர் வெற்றி பெறுவர். 160 பேரும் ஒரே ஐந்து பெயர்களைக் குறித்தால் ஐந்து இடமும் அவர்களுக்கே; 140 பேருக்கு ஒன்றும் இல்லை. சங்கத்தின் 47 சதவீதத்தினர், அடுத்த தேர்தல் வரை தங்கள் சார்பில் பேச ஓர் ஆள் இல்லாமல் இருக்க நேரும். இதில் எவருடைய வாக்கும் எவருடையதையும்விடப் பெரிதல்ல என்பதைக் கவனியுங்கள். வாக்கின் எடை சமமாக இருந்தும், விளைவு ஒருதலைப்பட்சம்.

இதற்கு மாற்றாகப் பலரும் உடனே சொல்வது தொகுதி முறை. அதன் சிறப்பு, இயக்குநர் இன்னார் என்று உறுப்பினருக்கு முகம் தெரியும் என்பதுதான். எடை மேடையில் தகராறு வந்தால் யாரைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஆனால் மேற்சொன்ன 300 பேரையே 60 பேர் கொண்ட ஐந்து தொகுதிகளாகப் பிரித்துப் பாருங்கள். மானாவாரிக்காரர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் 28 பேராகச் சிதறினால், எல்லா இடத்திலும் 32 பேரிடம் தோற்று, பழையபடி சுழியத்தில் நிற்பார்கள். இரண்டு தொகுதிகள் முழுக்க அவர்களுடையதாக அமைந்தால் இரண்டு இடம் கிடைக்கும். நான்கு தொகுதிகளில் 31 பேரும் ஐந்தாவதில் 16 பேரும் வரும்படி கோடு விழுந்தாலோ, சிறுபான்மையான அந்த 140 பேர் ஐந்தில் நான்கு இடங்களைப் பிடித்துவிடுவார்கள். ஆள்களும் மாறவில்லை, வாக்குகளும் மாறவில்லை. வரைபடத்தில் கோடு மட்டும் நகர்ந்திருக்கிறது. அந்தக் கோட்டை வரைபவர்கள், பெரும்பாலான சங்கங்களில், பதவியில் இருக்கும் இயக்குநர்களே.

மூன்றாவது, குவிப்பு வாக்கு: ஒவ்வொருவருக்கும் ஐந்து வாக்கு, ஐந்தையும் ஒருவருக்கே போடலாம், பிரித்தும் போடலாம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 1870-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வழியே இதைத் தன் சட்டமன்றக் கீழவைத் தேர்தலுக்கே வைத்துக்கொண்டு, 1980 வரை கைவிடாமல் இருந்தது. நம் எடுத்துக்காட்டில் 140 பேருக்கு 700 வாக்கு. இரண்டு வேட்பாளர்களுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 350. எதிர்த்தரப்பு தன் 800 வாக்குகளை நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 200தான் வரும். ஆகவே இரண்டு இடங்களை யாராலும் பறிக்க முடியாது. ஆனால் பெரும்பான்மையினர் பேராசைப்பட்டு ஐந்து பேரை நிறுத்தி ஆளுக்கு 160 வாக்காகச் சிதறவிட்டால், சிறுபான்மையினர் மூவருக்கு ஆளுக்கு 233 வாக்குப் போட்டுக் குழுவையே கைப்பற்றிவிடலாம். உறுப்பினர் பலத்தோடு, தேர்தலுக்கு முந்தைய இரவில் யார் கணக்குப் போட்டார்கள் என்பதும் முடிவைத் தீர்மானிக்கும் முறை இது. ஒழுங்கான அணி அமைப்பு இல்லாத சங்கத்துக்கு ஆபத்தானது.

நான்காவது, ஒற்றை மாற்று வாக்கு. மாநிலங்களவைத் தேர்தலில் கையாளப்படும் அதே முறைதான்: வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எழுத வேண்டும். 300 வாக்கும் பதிவாகும் ஐந்து இடத் தேர்தலில் ஒருவர் வெற்றிபெற 51 வாக்கு போதும்; ஆறு பேரால் அந்த அளவை எட்ட முடியாது. அதற்கு மேல் விழும் உபரி வாக்கும், கடைசியில் நின்று விலக்கப்படுபவரின் வாக்கும், வரிசையில் அடுத்தவருக்கு மாறும். 160 பேரால் மூன்று ஐம்பத்தொன்றையும் 140 பேரால் இரண்டு ஐம்பத்தொன்றையும் எட்ட முடியும். அவரவர் தம் தரப்பினரையே வரிசையில் முன்னால் எழுதினால், எத்தனை வேட்பாளர்களை நிறுத்தினாலும், எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும், முடிவு 3–2. குறை என்னவென்றால் எண்ணிக்கை. உபரி வாக்கு இன்னொருவருக்கு மாறுவதை, தோற்றவர் கண்ணெதிரில் அவருக்கு விளங்கும்படி செய்துகாட்ட வேண்டும். அதற்குப் பழகிய தேர்தல் அலுவலர் இல்லாவிட்டால் வழக்கு நிச்சயம்.

கனடாவின் மேற்கு மாகாணங்களின் கோதுமை, பார்லி விற்பனையைக் கையில் வைத்திருந்த கனடிய கோதுமை வாரியம், 1998-இல் இவற்றில் சிலவற்றைக் கலந்து பார்த்தது. 15 இயக்குநர்களில் 10 பேரைப் பத்து தொகுதிகளின் விவசாயிகள் அஞ்சல் வழியாக, விருப்ப வரிசை எழுதி, தேர்ந்தெடுத்தனர். மற்ற ஐவர் நியமனம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதித் தொகுதிகளில் தேர்தல் நடந்தது. ஆயினும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் இடம் மட்டுமே என்பதால், விருப்ப வரிசை அங்கே சிறுபான்மைக்கு இடம் வாங்கித் தரவில்லை. வென்றவருக்குப் பாதிக்கு மேல் ஆதரவு இருப்பதை மட்டும் உறுதிசெய்தது. 2011-இல் நிறைவேறிய சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர்களை நீக்கிவிட்டது என்பது வேறு கதை.

இனி, மிகக் குறைவாகப் பேசப்படும் சுழற்சி முறை. ஒன்பது இடங்களில் ஆண்டுக்கு மூன்று வீதம் தேர்தல் நடத்தினால், அனுபவம் மிக்க ஆறு பேர் எப்போதும் குழுவில் இருப்பார்கள். கடன் கொடுத்த வங்கிக்கும் அது நிம்மதி. ஒற்றை மாற்று வாக்கோடு இதைச் சேர்க்கும்போதுதான் விளைவு மாறுகிறது. ஒன்பது இடத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் என்றால் 300 வாக்கில் 31 கிடைத்தவர் வெற்றி பெறுவார்; மூன்று இடத்துக்கு மட்டும் என்றால் 76 வேண்டும். 60 பேர் கொண்ட ஒரு பிரிவுக்கு முதல் ஏற்பாட்டில் ஓர் இடம் உறுதி. இரண்டாவது ஏற்பாட்டில், பிறர் ஆதரவு இல்லாவிட்டால், மூன்று ஆண்டும் முயன்றாலும் ஓர் இடமும் கிடைக்காது. இந்தியக் கம்பெனிகள் சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது எனலாம்: ஒற்றை மாற்று வாக்கு போன்ற, பலத்துக்கேற்ப இடம் தரும் விகிதாசார முறையில் இயக்குநர்களைத் தேர்வதானால், மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத இடங்களை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்தே நிரப்பலாம் என்கிறது 163-ஆம் பிரிவு. ஆகவே, விகிதாசாரத்தையும் ஆண்டுச் சுழற்சியையும் ஒரே துணைவிதியில் எழுதும் சங்கம், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்கிறது.

கை உயர்த்தலா, மறைவாக்கா என்பதில் அலசவே ஒன்றுமில்லை. முன்பணமும் கொள்முதல் சீட்டும் யார் கையில் இருக்கின்றனவோ அவர் எதிரில் கை உயர்த்தச் சொல்வது தேர்தல் ஆகாது.

முகம் தெரிந்த இயக்குநர் வேண்டும், பிரிவுகளுக்கு இடமும் வேண்டும் என்றால், நான் சொல்வது இரண்டுக்கும் நடுவே ஒரு வழி: ஆளுக்கு ஒரு வாக்கு, வணிகம் செய்பவர்களுக்கு மட்டும் வாக்குரிமை, மூன்று அல்லது நான்கு இடங்கள் கொண்ட பெரிய தொகுதிகள், அவற்றுக்குள் ஒற்றை மாற்று வாக்கு, ஒரே நாளில் தேர்தல். தொகுதி பெரிதாகும்போது கோட்டை நகர்த்துவதால் கிடைக்கும் லாபம் குறைகிறது. ஐம்பது அறுபது பேரே உள்ள, ஒருவரையொருவர் வயலளவில் அறிந்த சிறு சங்கத்துக்கு இத்தனை ஏற்பாடும் வேண்டாம். அங்கே ஒருவர் இரண்டு பெயர்களுக்கு மேல் குறிக்கக் கூடாது என்ற ஒரு வரி விதியே, ஐந்து இடத்தையும் ஒரே அணி வாரிக்கொள்வதை ஏறக்குறையத் தடுத்துவிடும்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் அது அடுத்த தேர்தலுக்கு நடைமுறைக்கு வராமல், அதற்கு அடுத்த தேர்தலிலிருந்து வருமாறு தீர்மானத்தில் எழுதிக்கொள்வது நல்லது. அப்போது யார் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்பது, இன்று கோடு போடும் இயக்குநர்களுக்குத் தெரிந்திருக்காது.