குளிர்காலத்துக்கு முட்டம் பக்கம் வீடு எடுக்கலாமா?

பிரிட்ஜின் அடித்தகடு துருப்பிடித்துவிட்டது என்று சொல்லி, எங்கள் அட்வான்ஸில் எட்டாயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டார், குளிர்காலத்துக்கு நாங்கள் குமரி மாவட்டக் கடற்கரையில் முட்டம் பக்கம் எடுத்திருந்த வீட்டின் உரிமையாளர். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. அதற்குள் கோத்தகிரித் தோழி ஒருத்தி, "இந்த மார்கழி, தைக்கு நாங்களும் அந்தப் பக்கம் போலாம்னு இருக்கோம், உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிறாள். போனில் நல்லதைச் சொல்லத் தொடங்கி, துருவில் வந்து நின்றுவிட்டேன். எழுதினால் இரண்டு பக்கத்தையும் சொல்ல முடியும் என்று தோன்றியது.

எதற்குப் போனோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினால் அம்மாவின் முழங்கால் படியேற விடாது. குமரிக் கரையில் அதே ஜனவரி விடியற்காலையிலும் இருபது டிகிரிக்கு மேல்தான். என் வேலை லேப்டாப்பில், எங்கிருந்தும் செய்யலாம். கார்த்திகை பாதியில் போனோம், மாசியில் திரும்பினோம்.

போக நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தக் கரை என்பதை. கன்னியாகுமரி ஊருக்குள்ளேயே தங்கினால் சூரியன் கடலில் உதித்துக் கடலில் மறைவதை ஒரே இடத்தில் பார்க்கலாம். அது இந்தக் குளிர்கால மாதங்களில்தான் வாய்க்கும், வெயில் காலத்தில் போகிறவர்களுக்குக் கிடைக்காது. இரண்டு நாள் பார்க்க அருமை. மாதக்கணக்கில் குடியிருக்க அந்த ஊர் ஆகாது. கார்த்திகை முதல் தேதி தொடங்கி மகரவிளக்கு வரைக்கும் சபரிமலைக்குப் போகிற, போய்த் திரும்புகிற சாமிமார்களின் வண்டிகள் இரவும் பகலும் வந்தபடி இருக்கும். லாட்ஜ் வாடகை சீசன் வாடகையாகிவிடும். வாடைக் காற்றும் கிழக்குப் பக்கத்தை நேராக வந்து அடிக்கும். கடல் பொங்கினால் விவேகானந்தர் பாறைக்கான படகையும் நிறுத்திவிடுவார்கள்.

அங்கிருந்து மேற்கே சொத்தவிளை, முட்டம், குளச்சல் என்று வந்தால் அது வேறு கடல். அந்த மாதங்களில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலை அமுங்கிக் கிடக்கும். மார்கழிக் காலையில் முட்டத்துப் பாறை மேல் நின்றால் வள்ளங்கள் வரிசையாகத் திரும்புவது தெளிவாகத் தெரியும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: டிசம்பர் முழுக்க வடகிழக்குப் பருவமழைக் காலம்தான், முதல் பாதியில் மழை அதிகம். 2017இல் ஒக்கி புயல் இந்த மாவட்டத்தைத் தாக்கியது நவம்பர் 30ஆம் தேதி. வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் டிசம்பர் பாதிக்கு மேல் போவதே நல்லது.

இனி துருவுக்கு வருகிறேன்.

அடுக்களை ஜன்னல் கடலைப் பார்த்து இருந்தது. காலையில் துடைத்த கண்ணாடியில் சாயங்காலம் விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். காற்றில் வருகிற உப்புதான் அது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் இரும்பு எப்போதும் காயாமலே இருக்கும். அதிலுள்ள குளோரைடு, எவர்சில்வரின் மேல் இயல்பாக உண்டாகும் காப்புப் படலத்தையும் அரிக்கும். புது டிபன் பாக்ஸில் புள்ளி புள்ளியாகப் பழுப்பு வந்தது அப்படித்தான். கொடியில் காய்ந்த சேலையில் அம்மா குத்தி வைத்திருந்த சேப்டி பின், எடுத்தபோது தன் வடிவத்திலேயே ஒரு கறையை விட்டிருந்தது. மூக்குக்கண்ணாடித் திருகு அசையவில்லை. கேஸ் லைட்டரின் ஸ்பிரிங் ஒரு நாள் கையோடு வந்துவிட்டது. கட்டுமரத்தில் ஆணியே அடிக்காமல் மரங்களைக் கயிற்றால் பிணைத்தவர்களின் அறிவு அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். கடலோரத்தில் இருந்துகொண்டு உப்பைக் குறை சொல்ல முடியாது. பூட்டுக்கு எண்ணெய் போட்டோம், லேப்டாப்பை டப்பாவில் வைத்து மூடினோம். என்னால் பொறுக்க முடியாதது அந்தத் துருவுக்கு எங்களைப் பொறுப்பாக்கியதுதான்.

தையில் பிரிட்ஜ் ஓடாமல் நின்றபோது வந்த மெக்கானிக் தம்பி அதைச் சாய்த்துப் பார்த்தார். அடித்தகட்டை நகத்தால் சுரண்டினார். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. "இது இந்த மாசத்துத் துரு இல்லக்கா. புதுசுன்னா மேலாப்புல மஞ்சளாட்டுதான் நிக்கும். இது ஆனி ஆடியில அடிச்ச உப்பு, அதுவும் ரெண்டு மூணு வருசத்துக்கு உள்ளது" என்றார். அவர் சொன்னது சரி. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கரையை நேருக்கு நேர் அடிக்கிற மாதங்கள் ஆனியும் ஆடியும். அலையைத் தடுக்கக் கடலுக்குள் போட்ட தூண்டில் வளைவுக் கற்களைத் தாண்டி அலை வந்து விழும், நீர்த்துளி வீட்டுச் சுவர் வரைக்கும் தெறிக்கும். ஓர் ஆண்டில் அங்கே படிகிற உப்பில் பெரும்பங்கு அந்தக் காலத்தில்தான் படிகிறது. நாங்கள் இருந்ததோ கடல் அமைதியாகக் கிடக்கும் காலம். நாங்கள் போவதற்கு முன் அந்த வீடு அத்தனை ஆனி ஆடிகளைப் பார்த்திருக்கிறது.

"பிரிட்ஜ் அடியெல்லாம் போச்சுல்லா, நீங்க இருந்தப்பம்தானே கெட்டுச்சு?" என்று உரிமையாளர் கேட்டார். குடிபோன அன்று நான் எடுத்த படங்களை அனுப்பினேன். அடுக்களை மூலையில் பிரிட்ஜின் கால்கள் அப்போதே பழுப்பாக இருப்பது படத்தில் தெரிகிறது. பார்த்துவிட்டார் என்பதற்கு நீல டிக் வந்தது. பதில் இன்னும் வரவில்லை.

அவர் மோசமான மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மோட்டார் நின்ற அன்று ஒரு மணி நேரத்தில் ஆளை அனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வந்தன. அம்மா வெளியே நடக்கப் போனால் அவர் மனைவி கூடவே போவார். அதனால்தான் இந்த எட்டாயிரம் இன்னும் கூடுதலாக வலிக்கிறது.

அம்மாவைக் கேட்டால் துருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அவருக்கு அந்தக் குளிர்காலம் மீன்கார அம்மாவின் குரல்தான். "மக்களே, நெத்தோலி இருக்கு, எடுக்கியா?" என்று வாசலில் அலுமினியச் சட்டியை இறக்கி வைப்பார். நெத்திலியை அங்கே நெத்தோலி என்பார்கள். அயிலை, சாளை, கணவாய் என்று அன்றைக்கு எது கரைக்கு வந்ததோ அதுதான் சமையல். சாளைப் புளிமுளம் என்கிற புளி சேர்த்த மீன் குழம்பை வைக்கும் விதத்தைத் திண்ணையில் உட்கார்ந்தே சொல்லிக்கொடுத்தார். அவித்த மரச்சீனியோடு (மரவள்ளிக்கிழங்கு) அதைச் சாப்பிட்டுவிட்டு, குன்னூரில் இத்தனை காலம் ஐஸ் மீனைத் தின்றோமே என்று அம்மா வருத்தப்பட்டார். பொங்கலுக்குள் கைப்பிடி இல்லாமல் மணலில் நடந்தார். மருந்து அதே மருந்துதான், மாறியது ஊர் மட்டும். டிசம்பரில் தெருவெல்லாம் நட்சத்திர விளக்கு, வீட்டுக்கு வீடு குடில். அதே மாதத்தில் சுசீந்திரத்தில் மார்கழித் தேரும் பார்த்துவிட்டோம். மருத்துவ வசதியைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கோவையிலிருந்து நாகர்கோவிலுக்கு ராத்திரி ரயில் உண்டு.

மார்க் போடச் சொன்னால் கடலுக்கும் வெயிலுக்கும் மீனுக்கும் ஊர்க்காரர்களுக்கும் பத்துக்குப் பத்து. இந்த வருஷம் போவாயா என்றால் மாட்டேன். அந்தப் பணம் திரும்பி வரும் வரைக்கும் அந்தக் கரையில் கால் வைக்க எனக்கு மனசில்லை. அம்மா இப்போதே எந்தப் பெட்டியை எடுத்துப் போகலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

நீங்கள் போவதானால், கடலுக்கு முதல் வரிசை வீட்டை விட்டு இரண்டு மூன்று தெரு உள்ளே பாருங்கள். தென்னை மறைப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஜன்னல் துருப்பிடிக்காத யுபிவிசி பிளாஸ்டிக்கா, தாழ்ப்பாள் பித்தளையா என்று கேளுங்கள். சாவி வாங்கிய அன்றே பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசியின் வெளிப்பெட்டி எல்லாவற்றையும் அடிப்பக்கத்தோடு படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பி, பார்த்தேன் என்று பதில் வாங்குங்கள். கடல் காற்றால் வரும் துருவுக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.