வவுனியாவில் பவுண் சோதிக்கும் கடை: போனால் மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்

அம்மாவின் சங்கிலியை விற்பதா, அடைவு வைப்பதா என்ற கதை எங்கள் வீட்டில் ஆறு மாதமாக ஓடியது. மூன்று பவுண், அதாவது 24 கிராம். அம்மம்மா ஊர்ப் பத்தர் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்தது, பற்றுச்சீட்டெல்லாம் கிடையாது. இருந்திருந்தாலும் 2009இல் எங்கள் வீட்டுக் கூரையே மிஞ்சவில்லை, பற்றுச்சீட்டு எங்கே மிஞ்சும்.

முதலில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு நகைக்கடைக்குத்தான் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். முதலாளி சங்கிலியைக் கல்லில் ஒரே ஒரு இழு இழுத்தார், ஒரு சொட்டு அமிலம் விட்டார், "20 கரட்தான் தங்கச்சி" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கல் சொல்லுது" என்றார். உரைகல்லை நான் குறை சொல்லவில்லை. கை தேர்ந்த பத்தர் மாற்று, அதாவது தங்கம் எவ்வளவு சுத்தம் என்பது, முன்பே தெரிந்த ஊசிகளையும் பக்கத்தில் உரைத்து நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு கரட்டுக்குள் சரியாகச் சொல்லிவிடுவார். ஆனால் இவர் ஊசி எதையும் எடுக்கவில்லை, உரைத்ததும் கொக்கிப் பக்கத்தில், அதோடு வாங்கப்போகிறவரும் அவரே. வாங்குகிறவன் கையில் தராசும் கல்லும் இரண்டும் இருந்தால் பிறகு என்ன கேள்வி.

அப்போதுதான் வவுனியாவில் ஒரு சின்னக் கடையில் மெஷினில் சோதித்துத் தருகிறார்கள், நகை வாங்குவதும் இல்லை விற்பதும் இல்லை என்று சித்தி சொன்னா. வாங்குவதில்லை என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே ஏ9 வீதியில் இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் போனேன்.

கடை என்றால் ஒரு அறை. இரண்டு கதிரை, ஒரு காற்றாடி, பழைய மைக்ரோவேவ் அடுப்பு அளவில் ஒரு பெட்டி, பக்கத்தில் கொம்பியூட்டர். இருந்த தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சங்கிலியை வாங்கியதும் மெஷினில் வைக்கவில்லை. சவர்க்காரத் தண்ணீரில் போட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, கழுவித் துடைத்தார். முப்பது வருட வேர்வையும் எண்ணெயும் படிந்திருக்கும், அதையும் சேர்த்து அளந்தால் கணக்குப் பிழைக்கும் என்றார். அதற்குப் பிறகும் எங்கள் சங்கிலி போகவில்லை. மாற்றுத் தெரிந்த ஒரு சின்னத் தகட்டை முதலில் உள்ளே வைத்து, மெஷின் அதைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்தார். நான் கேட்காமலே செய்தார். கடைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான்.

மெஷின் செய்வது இதுதான். எக்ஸ்ரே கதிரை நகைமேல் பாய்ச்சுகிறது. அது அணுவின் உட்பக்கத்து இலத்திரனைத் தட்டிவிட, அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளியிலிருந்து இன்னொரு இலத்திரன் இறங்குகிறது, இறங்கும்போது அந்த உலோகத்துக்கே உரிய சக்தியில் ஒரு கதிர் திரும்பி வருகிறது. தங்கத்துக்கு ஒன்று, செம்புக்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று. எது எவ்வளவு வருகிறது என்று எண்ணி, வீதம் போட்டுக் கொடுக்கும். நகையை வெட்டவும் வேண்டாம், உருக்கவும் வேண்டாம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

திரையில் சங்கிலியின் படம் பெரிதாக வந்தது, நடுவில் ஒரு சிவப்புச் சிலுவைக் குறி. அந்தக் குறி நிற்கும் ஒரு மில்லிமீற்றர் இடத்தைத்தான் மெஷின் பார்க்கும் என்று தம்பி சொன்னார். நடு வளையத்தில் வைத்தோம்: தங்கம் 91.4. கொக்கியில் வைத்தோம்: 88.7. பொருத்தில், அதாவது ஒட்டுவைத்த இடத்தில் வைத்தோம்: 76க்குக் கொஞ்சம் மேல், கூடவே நாகம் (துத்தநாகம்), கட்மியம் என்ற வேறு உலோகங்களும் வந்து நின்றன. "பழைய பத்தர்மார் ஒட்டுப் பொடியில கட்மியம் சேர்க்கிறவை அக்கா, கெதியா உருகும், ஒட்டின இடமும் தெரியாது" என்றார். உருகும்போது வரும் அந்தப் புகைதான் பத்தரின் நெஞ்சுக்குக் கேடு. அம்மம்மா சொல்லிச் செய்வித்த அந்தப் பத்தர் கடைசிக் காலத்தில் இருமிக்கொண்டே இருந்தார் என்று அம்மா சொல்வா. இதனால்தானா, சுருட்டினாலா, யாருக்குத் தெரியும்.

சுத்தத் தங்கம் 24 கரட், எனவே 22 கரட் என்றால் 91.6 வீதம் இருக்கவேண்டும். நடு வளையம் கிட்டத்தட்ட அதுதான். கொக்கி 21 கரட்டுக்குக் கொஞ்சம் மேல், அதைப் பிறகு யாரோ மாற்றியிருக்கவேண்டும். சங்கிலியின் நிறையில் பெரும்பங்கு வளையங்கள்தான், கொக்கியும் ஒட்டும் அற்பம். இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 24 கிராமில் 20 கரட் என்றால் சுத்தத் தங்கம் 20 கிராம், 91.4 வீதம் என்றால் 21.9 கிராம். கிளிநொச்சியில் அந்த ஒரே இழுவையில் போக இருந்தது கால் பவுண்! அந்த முதலாளி ஏமாற்ற நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது, கொக்கியில் உரைத்ததால் உண்மையாகவே குறையத் தெரிந்திருக்கவும் கூடும். விலையை மட்டும் முழுச் சங்கிலிக்கும் அதே மாற்றில் போடப் பார்த்தார்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன், சந்தேகப் புத்தி. நகையை அசைக்காமல் அதே இடத்தில் மூன்று தரம் அளக்கச் சொன்னேன். 91.4, 91.2, 91.5. தம்பிக்குக் கோபம் வரவில்லை, "உப்பிடித்தான் ஆடும் அக்கா" என்று சிரித்தார். ஆனால் அவர் அச்சடித்துத் தரும் துண்டில் 91.43 என்று தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கம் நிற்கிறது. முதல் இலக்கமே ஆடும்போது இரண்டாவது இலக்கம் யாருக்காக? அதைவிடப் பெரிய குறை, எந்த இடத்தில் அளந்தது என்று துண்டில் இல்லை. வளையத்தின் எண்ணை மட்டும் அச்சடித்துத் தந்தார். கொக்கியையும் பொருத்தையும் நான் கேட்டு, பேனையால் எழுதுவித்து, கையெழுத்தும் வாங்கினேன். நாளைக்கு வேறொருவர் தன் நகையில் நல்ல இடத்தை மட்டும் அளந்து அந்தத் துண்டைக் காட்டி விற்கலாம் அல்லவா.

நான் கிளம்பும் நேரம் ஒரு வயதான அம்மா ஒற்றைக் காப்புடன் வந்தா. யாருக்கோ காசு கைமாற்றுக் கொடுத்து, ஈடாக வாங்கி வைத்ததாம். மெஷினில் வைத்தால் 91.9. அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. தம்பி மட்டும் காப்பைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "அம்மா, மொத்தத்துக்குப் பாரம் காணாது" என்றார். தங்கத்தில் இந்த மெஷின் பார்ப்பது மேலே ஒரு பத்து மைக்ரோன் ஆழம் மட்டும்தான், ஒரு தலைமயிரின் தடிப்பில் ஐந்தில் ஒன்றுகூட வராது. அதற்குக் கீழே என்ன இருந்தாலும் அதற்கு அவ்வளவாகத் தெரியாது. எனவே தராசுத் தட்டில் நிறுத்தார்: 14.4 கிராம். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தார், 1.35 கிராம் குறைந்தது. ஒன்றை ஒன்றால் பிரித்தால் அடர்த்தி 10.7 வருகிறது. 22 கரட் தங்கம் என்றால் 17 அல்லது 18க்குக் கிட்ட வரவேண்டும், சுத்தத் தங்கம் 19.3, வெள்ளி 10.5. காப்பின் உட்பக்கத்தில், கையோடு உரசித் தேய்ந்த ஒரு விளிம்பைத் தேடி மெஷினில் வைத்தார். தங்கம் 64க்கு இறங்கியது, மிச்சத்தில் பெரும்பகுதி வெள்ளி. மேலே தடிப்பாகத் தங்கம் பூசிய வெள்ளிக் காப்பு.

அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. காப்பைக் கைலேஞ்சியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, நெடுங்கேணி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டா. தம்பி காசு வாங்கவில்லை.

இதைவிடத் திட்டமாகத் தெரியவேண்டும் என்பவர்களுக்கு நெருப்புச் சோதனை இருக்கிறது, ஆனால் அதற்கு நகையில் ஒரு துண்டு போய்விடும். கால் கிராம் அளவில் வெட்டி, வெள்ளியும் சேர்த்து ஈயத் தகட்டில் சுற்றி, எலும்புச் சாம்பலிலோ மக்னீசியாவிலோ செய்த சின்னக் கிண்ணத்தில் 1000 பாகைக்கு மேல் சூளையில் வைப்பார்கள். ஈயம் செம்பையும் நாகத்தையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிவிடும், மேலே தங்கமும் வெள்ளியும் சேர்ந்த ஒரு மணி மிஞ்சும். அதைத் தட்டி மெல்லிதாக்கி நைத்திரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளி கரைந்து தங்கம் மட்டும் நிற்கும், அதை நிறுத்துப் பார்ப்பார்கள். பல நூறு வருடப் பழைய முறை, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் உள்ளாகச் சரியாக வரும். தங்கத்தின் மாற்றில் பிணக்கு வந்தால் இன்றைக்கும் இதைத்தான் தீர்ப்பாக எடுக்கிறார்கள். வன்னியில் இதைச் செய்யும் இடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபைக்கு நகை சோதிக்கும் ஆய்வுகூடம் உண்டு, அது கொழும்புப் பக்கம். நகை என்றால் கரட் மட்டுமா என்ன. 2025 மே மாதம், யுத்தம் நடந்த இடங்களில் எடுத்த நகைகளை இராணுவம் பொலிஸிடம் கையளித்தபோது இங்கே எத்தனை பேர் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் மச்சாள் ஒரு தோட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தா. கரட் என்ன என்று அவ ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

சரி, கடைக்கு வருவோம். ஐந்துக்கு நாலு போடுவேன். ஒரு நகைக்கு 500 ரூபா எடுத்தார்கள், மூன்று இடம் பார்த்ததற்கு மேலதிகமாகக் கேட்கவில்லை. மத்தியானம் போகாதீர்கள், நான் போன அன்று கரண்ட் நின்று முக்கால் மணித்தியாலம் சும்மா இருந்தோம், வந்த பிறகும் மெஷின் சூடேறவேண்டும் என்று இன்னொரு இருபது நிமிடம். கல் பதித்த நகை என்றால் கல்லில் படாமல் வைக்க நல்ல இடம் இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். காப்பு, மோதிரம் போன்ற கனமானவற்றைத் தண்ணீரிலும் நிறுக்கச் சொல்லுங்கள், அந்த அம்மாவுக்குச் செய்ததைக் கேட்டால் உங்களுக்கும் செய்வார். உள்ளே கோறையான நகைக்கும், காற்றுக்குமிழி சிக்கும் பின்னல் சங்கிலிக்கும் அந்தத் தண்ணீர்க் கணக்குச் சரிவராது.

துண்டு கிடைத்தவுடன் போனில் படம் எடுத்துவிடுங்கள். பஸ் டிக்கெட் அடிக்கும் அதே மாதிரிக் கடதாசி, என்னுடையது கைப்பைக்குள் கிடந்து இப்போது 91 மட்டும்தான் தெரிகிறது. பேனையால் எழுதுவித்தது அப்படியே இருக்கிறது.