ஸ்பிரிட், தின்னர், வாட்டர் பாலிஷ்: நெல்லைப் பக்கம் மரத்துக்கு எது தோது?

பழைய ஊஞ்சல் பலகைக்கு பிரெஞ்ச் பாலிஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பூச்சு) போட அவலரக்கு, அதாவது அவல்போலச் செதிலாக வரும் அரக்கு, வாங்குவதில் சிரமம் இல்லை. அதைக் கரைக்கிற ஸ்பிரிட்டுக்குத்தான் அலைச்சல். தென்காசியிலோ அம்பையிலோ கடையில் கேட்டால், "லைசென்ஸ் இருக்கா அண்ணாச்சி?" என்பார்கள். கேட்பது நியாயம்தான். மெத்திலேட்டட் ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி விஷம் கலந்த ஆல்கஹால்), மெத்தனால் (விஷ ஆல்கஹால்), பிரெஞ்ச் பாலிஷ் மூன்றுக்கும் 1937 மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் 1959-இல் வந்த தனி விதிகள் உண்டு. 2023 மே மாதம் மரக்காணம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி என மெத்தனால் கலந்த சாராயம் குடித்து எத்தனை பேர் செத்தார்கள்! கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். கெடுபிடி இருக்கத்தான் வேண்டும்.

செங்கோட்டைக்காரர்களுக்குப் புளியரை தாண்டினால் கேரளம். அங்கே சாராயம், ஸ்பிரிட்டுக்கு அப்காரிச் சட்டம். ஒரு கேன் ஸ்பிரிட்டை அனுமதியில்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் வழக்குதான். அந்த வழி வேண்டாம்.

தின்னர் எந்த பெயிண்ட் கடையிலும் கிடைக்கும். அதனால்தான் ஆசாரிமார் பலர் தின்னர் கலந்து அடிக்கும் மெலமைன் பூச்சுக்கு மாறிவிட்டார்கள். புதுக்கதவு, கட்டிலுக்கு அது சரி. சூடான டம்ளர் வைத்தாலும் தாங்கும். ஆனால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கஷ்டம், மொத்தமாகத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். அரக்கு பாலிஷ் அப்படி இல்லை. புதுப்பூச்சு பழைய பூச்சை லேசாகக் கரைத்து அதோடு ஒன்றிவிடும். தாத்தா காலத்துச் சாமானில் மெலமைன் அடிக்க எனக்கு மனசு வராது.

அரக்கைக் கரைக்க ஸ்பிரிட்டுக்கு ஒரு மாற்று வழி உண்டு. ரசாயனக் கடையில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை பில்லோடு வாங்கலாம். அவலரக்கு அதில் மெதுவாகத்தான் கரையும், பொடித்துப் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். 70 சதவீதச் சரக்கை வாங்காதீர்கள், அதிலுள்ள தண்ணீரால் பூச்சு வெளுக்கும். இதுவும் விஷம், சீக்கிரம் தீப்பிடிக்கும். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

வாட்டர் பாலிஷ் என்கிற, தண்ணீரில் கரையும் பாலியூரித்தேனுக்கு இந்தச் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை, நாற்றமும் குறைவு. முதல் பூச்சில் மரநார் எழும்பும், உப்புத்தாள் போட்டால் போதும். குற்றாலச் சாரல் காலத்தில்தான் காய நேரமாகும். அந்த ஈரக்காற்றில் ஸ்பிரிட், தின்னர் பூச்சும் பால்போல வெளுக்கும் என்பதால் ஆனி, ஆடியில் வெயில் பார்த்து வேலையைத் தொடங்குவது நல்லது.

கரைப்பானே இல்லாத அரக்கு வேலையும் நம் பக்கம் உண்டு. அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவர்கள், சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிப் பரவும். உருண்டைச் சாமானுக்கு அதைவிட நல்லது இல்லை. பலகைக்குத்தான் அது ஆகாது.

உரிமம் உள்ள கடையில் தயார் பிரெஞ்ச் பாலிஷ் கிடைத்தால் தேதியைப் பாருங்கள். கரைத்து வைத்த அரக்கு நாளானால் இறுகாது. ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு மறுநாள் தொட்டால் பிசுபிசுக்கும். அதைப் பலகையில் பூசாதீர்கள்.