சிபில் ஸ்கோர் ஏத்தித் தர்ற ஏஜென்சி: 5க்கு 1 ஸ்டார், அதுவும் டீ வாங்கிக் குடுத்ததுக்கு

பேர் போடல. கரண்ட் கம்பத்துல "7 நாளில் 750, கேரண்டி"ன்னு நோட்டீஸ் ஒட்டுவாங்கல்ல, அந்த ரகம்தான். சிபில் ஸ்கோர்னா நாம கடனை எப்படிக் கட்டறோம்னு பேங்க்காரன் பாக்கற மார்க். வீட்டு லோனுக்குப் போன எடத்துல மேனேஜர் ஃபைலைத் திருப்பிக் குடுத்துட்டாரு, ஸ்கோர் 641 சார், ஏதோ கிரெடிட் கார்டுல 4,812 ரூபா ஓவர்டியூ, அதாவது கெடு தாண்டுன பாக்கி, காட்டுதுன்னு. அது 2021லயே மூடுன கார்டுங்க, மூடியாச்சுன்னு பேங்க் அனுப்புன மெயிலே இருக்கு. மூடுனதுக்கப்புறம் வருஷக் கட்டணம் 499, ஜிஎஸ்டி சேத்து 589ன்னு போட்டு, அதுக்கு லேட் ஃபீஸ், அதுக்கு வட்டின்னு குட்டி போட்டு வளந்துருக்கு.

வீட்டு புரோக்கர் வேற அட்வான்ஸ் எப்பன்னு நெருக்க, பதட்டத்துல ஏஜென்சிக்குப் போயிட்டேன். மொத்தம் 6,000, முன்பணம் 2,500. டீ வந்துச்சு, நல்ல டீ. அப்புறம் என் சிபில் லாகின் பாஸ்வேர்டைக் கேட்டாங்க, "ஓடிபி வந்துருக்கும் சொல்லுங்கண்ணா"ன்னாங்க, நானும் மண்டைய ஆட்டிட்டே சொல்லிட்டேன், இப்ப நெனச்சா என்னையே அறையணும்போல இருக்கு. அவங்க செஞ்சது என்னன்னா, நம்ம கடன் கணக்கெல்லாம் இருக்கற சிபில் ரிப்போர்ட்ல இருந்த எல்லா அக்கவுண்ட்டுக்கும் "இது என்னோடது இல்ல"ன்னு டிக் போட்டு டிஸ்பியூட், அதாவது 'இது தப்பு'ன்னு ஆட்சேபம், அனுப்பிட்டாங்க, ஒழுங்கா கட்டிட்டு இருக்கற பைக் லோன் உட்பட! பேங்க்காரன் "இல்ல இல்ல, இவரோடதுதான்"னு பதில் போட்டான், டிஸ்பியூட் ரிஜெக்ட். அப்புறம் அடுத்த ஐடியா, "பாதி கட்டி செட்டில் பண்ணிரலாம்ணா". அப்படிப் பண்ணா ரிப்போர்ட்ல 'குளோஸ்டு'ன்னு வராது 'செட்டில்டு'ன்னு வரும், இவன் முழுசா கட்டலன்னு அடுத்து லோன் குடுக்கறவனுக்கு அதுவே சொல்லிரும். வாங்காத கடனுக்கு நான் எதுக்குப் பாதி கட்டணும்?

அன்னைக்கு ராத்திரி பாஸ்வேர்டை மாத்திட்டு நானே உக்காந்து படிச்சேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், ஹை மார்க்னு இந்த ரிப்போர்ட் போடற நாலு கம்பெனி இருக்கு, ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஓசில தரணும்னு ஆர்பிஐ ரூல். டிஸ்பியூட் போடறதுக்கும் காசு கெடையாது. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, இந்தக் கம்பெனிங்க வெறும் போஸ்ட்மேன் மாதிரி, பேங்க் சொல்லாம ஒரு எழுத்தைக்கூட அவங்களா மாத்த முடியாது. அதனால டிஸ்பியூட்ல அந்த ஒரு கார்டை மட்டும் எடுத்து, பாக்கித் தொகை தப்பு, மூடுன தேதி இதுன்னு குறிப்பா போட்டேன், அதே நாள் மூடுன மெயிலை இணைச்சு பேங்க்ல புகாரைப் பாக்கற நோடல் ஆஃபீசருக்கும் எழுதுனேன். இதுதான் வேலை செஞ்சுச்சு.

2024 ஏப்ரல்ல இருந்து இன்னொரு ரூல் இருக்கு, ஏஜென்சில யாரும் வாயத் தெறக்கல. புகார் குடுத்து 30 நாளுக்குள்ள முடிக்கலன்னா அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு 100 ரூபா நமக்குத் தரணும். அதுல பேங்க்குக்கு 21 நாள், அதுக்குள்ள அவன் பதில் அனுப்பலன்னா காசு அவன் தலைல, அவன் அனுப்பியும் இழுத்தா ரிப்போர்ட் கம்பெனி தலைல. எனக்கு 37வது நாள் சரியாச்சு, தப்பு பேங்க் பக்கம், 700 ரூபா அக்கவுண்ட்ல விழுந்துச்சு. வரலன்னா, பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற ஆர்பிஐ ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம்னு இருந்தேன், 2022 செப்டம்பர்ல இருந்து இந்த ரிப்போர்ட் கம்பெனிங்களும் அவர் வரம்புக்குள்ள வந்தாச்சு, அதுவும் ஓசிதான்.

நெஜமாவே கட்டாம விட்ட இஎம்ஐ இருந்தா அதை எந்தக் கொம்பனாலயும் அழிக்க முடியாதுங்க, அழிச்சுத் தரேன்னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க.

போன வாரம் ஏஜென்சில இருந்து போன். "ஸ்கோர் ஏறிருச்சுல்லண்ணா, பேலன்ஸ் 3,500 எப்ப அனுப்பறீங்க?" இப்ப 748 தம்பி, கேரண்டிக்கு ரெண்டு கொறையுதேன்னேன். கட் பண்ணிட்டாப்ல.